ஏடிசி ஆப்டிட்யூட் கோச்சிங்குக்கு 85,000 ரூபாய் கட்டலாமா?

ஐயா, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் நாலைந்து கேள்விகள் இருக்கின்றன. அவசரமானது ஒன்றுதான் என்பதால் அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பி.எஸ்சி. இயற்பியல் முடித்திருக்கும் மகளை 'ஏடிசி ஆப்டிட்யூட்' (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு வேலைக்கான திறன்) பயிற்சியில் சேர்க்க 85,000 ரூபாய் கேட்கிறார்கள், இந்த வாரத்துக்குள் முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கட்டாதீர்கள். தள்ளுபடிக்குக் கெடு வைத்து அவசரப்படுத்தும் இடத்தில் எதற்குமே கட்ட வேண்டாம் என்பது என் கருத்து, அது தனிக்கதை.

காரணம் இதுதான். நம் நாட்டில் பயணிகள் விமானங்களுக்கு வழிகாட்டும் கன்ட்ரோலர் வேலைக்கு ஆள் எடுப்பது இந்திய விமான நிலைய ஆணையம். 'ஜூனியர் எக்ஸிக்யூட்டிவ் (ஏடிசி)' என்ற பெயரில் அறிவிப்பு வரும். முதலில் கணினியில் எழுத்துத் தேர்வு. அதில் தேறியவர்களை மட்டும் சான்றிதழ் சரிபார்ப்பு, குரல் தேர்வு, போதைப்பொருள் சோதனை, உளவியல் மதிப்பீடு, மருத்துவப் பரிசோதனை என்று வரிசையாக அழைப்பார்கள். ரேங்க்கைத் தீர்மானிப்பது எழுத்துத் தேர்வு மதிப்பெண். மற்றவற்றில் தேறினால் போதும், அவற்றுக்கு மதிப்பெண் சேராது. உங்களிடம் பணம் கேட்பவர்கள் விற்பது பின்னால் வரும் படிக்கான பயிற்சி, உங்கள் மகள் இன்னும் முதல் படியே ஏறவில்லை. தனியார் தரும் சான்றிதழுக்கு இந்தத் தேர்வில் எந்த மதிப்பும் கிடையாது. வேலை கிடைத்த பிறகு பிரயாக்ராஜில் உள்ள சிவில் ஏவியேஷன் பயிற்சிக் கல்லூரி போன்ற இடங்களுக்கு ஆணையமே அனுப்பி, சம்பளமும் கொடுத்துச் சொல்லித்தரும்.

எழுத்துத் தேர்வில் 120 கேள்விகள், 120 மதிப்பெண், இரண்டு மணி நேரம். பாதி, அதாவது 60 கேள்விகள், இயற்பியலும் கணிதமும். மீதியில் ஆங்கிலம் 20, ரீசனிங் 15, எண்கணிதத் திறன் 15, பொது அறிவு 10. தவறான விடைக்கு மதிப்பெண் பிடிப்பது இல்லை. ஆகவே ஒரு கேள்வியைக்கூட வெறுமனே விட்டுவிட்டு எழுந்து வரக்கூடாது, தெரியாததற்கும் ஏதாவது ஒன்றைக் குறித்துவிட வேண்டும். இதைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நெகட்டிவ் மார்க் உள்ள தேர்வுகளுக்குப் படித்துப் பழகிய பிள்ளைகள் இங்கேயும் பயந்து பயந்து பத்துப் பதினைந்து கேள்விகளை விட்டுவிடுகிறார்கள்.

மகளுக்கு இயற்பியல் கைவசம் இருக்கும். கணிதம் அலைடு பாடமாகப் படித்தவர்களுக்கு இன்டக்ரேஷன், மேட்ரிக்ஸ், டிஃபரன்ஷியல் ஈக்வேஷன், நிகழ்தகவு இவையெல்லாம் துருப்பிடித்துக் கிடக்கும். பிளஸ் ஒன், பிளஸ் டூ புத்தகங்களைத் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். என்சிஇஆர்டி புத்தகங்கள் இணையத்தில் இலவசம். ஆங்கிலத்தின் 20 கேள்விகளையும் அலட்சியமாக விடக்கூடாது. அறிவியல் பட்டதாரிகள் அதிகம் கோட்டை விடுவது அங்கேதான். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்தான் கணக்கு. அதனால் கடிகாரம் வைத்துக் கணக்குப் போடும் பழக்கம் முதல் வாரத்திலிருந்தே வரட்டும்.

சரி, இனி ஆப்டிட்யூட். உலகம் முழுக்க இந்த வேலைக்கான திறன் தேர்வுகள் சோதிப்பது ஏறக்குறைய ஒரே விஷயத்தைத்தான். ஐரோப்பாவில் யூரோகன்ட்ரோல் என்ற வான்போக்குவரத்து அமைப்பு உருவாக்கிய ஃபீஸ்ட் தேர்வை எடுத்துக்கொண்டால், முதல் கட்டத்தில் நினைவாற்றல், கவனம், இடத்தையும் திசையையும் மனதில் பார்க்கும் திறன், ஆங்கிலம் எல்லாம் இருக்கும். அடுத்த கட்டத்தில் ரேடார் திரை மாதிரி ஒன்றில் விமானங்களை மோதாமல் நகர்த்த வேண்டும். காதில் விழுவதைப் பிடித்துவைத்துக்கொண்டே கண்ணில் படுவதைக் கவனிக்க வேண்டும், நடுவில் ஒருவர் குறுக்கிட்டாலும் விட்ட இடத்தை மறக்கக்கூடாது. ஒரு மாதப் பயிற்சியில் இது வந்துவிடாது. வீட்டில் தினம் இருபது நிமிடம் பழகினால் கொஞ்சம் கூர்மையாகும், அவ்வளவுதான். அதற்கு நீங்களும் உட்கார வேண்டும். செலவு ஒரு நோட்டும் பேனாவும்.

எப்படி என்று சொல்கிறேன். சென்னை விமான நிலையத்தின் பெரிய ஓடுபாதைக்கு ஒரு முனையில் 07, மறுமுனையில் 25 என்று எண். மதுரையில் 09, 27. காந்த வடக்கிலிருந்து எத்தனை டிகிரி என்பதைப் பத்தால் வகுத்து வைக்கும் எண் அது. இரண்டு முனைகளுக்கும் வித்தியாசம் எப்போதும் 18, அதாவது 180 டிகிரி. நீங்கள் ஏதாவது ஒரு திசையைச் சொல்லுங்கள், மகள் அதன் எதிர்த்திசையை உடனே சொல்லட்டும். 180-ஐ மனக்கணக்கில் கூட்டினால் தடுமாறும். 200 கூட்டி 20 கழித்தால் சட்டென்று வரும்: 070 என்றால் 270, அதில் 20 போக 250. 180-க்கு மேற்பட்ட எண்ணாக இருந்தால் 200 கழித்து 20 கூட்ட வேண்டும்.

அடுத்தது வேகக் கணக்கு. ஒரே உயரத்தில் இரண்டு விமானங்கள் நேருக்கு நேர் வருகின்றன, இடையே 60 நாட்டிகல் மைல். ஒன்று 480 நாட் (மணிக்கு 480 நாட்டிகல் மைல்) வேகம், மற்றது 420. இதைத் தாளில் போடக்கூடாது. 480 என்றால் நிமிடத்துக்கு 8 மைல், 420 என்றால் 7, சேர்த்து 15. நாலு நிமிடத்தில் இரண்டும் ஒரே இடத்தில் இருக்கும். ஆனால் கன்ட்ரோலருக்கு நாலு நிமிடம் கிடையாது. ரேடார் உள்ள வான்வழியில் இரண்டுக்கும் இடையே பொதுவாக 5 மைலாவது இருக்க வேண்டும் என்றால், 55 மைல் குறைவதற்குள், அதாவது 3 நிமிடம் 40 விநாடிக்குள், ஒன்றைத் திருப்பியோ உயரம் மாற்றியோ ஆக வேண்டும். எண்களை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டே இருங்கள். கணக்கின் நடுவில் "காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்று கேளுங்கள். பதிலும் சொல்லி, கணக்கையும் விடாமல் முடிக்கப் பழகட்டும்.

மூன்றாவது, கேட்டதைத் திருப்பிச் சொல்வது. வானொலியில் கன்ட்ரோலர் சொன்ன உத்தரவை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், கன்ட்ரோலர் அதில் பிழை இருக்கிறதா என்று கேட்க வேண்டும். 'ஐஃப்ளை சிக்ஸ் ஒன் ட்டூ ஃபைஃப், டர்ன் லெஃப்ட் ஹெடிங் ஜீரோ நைனர் ஜீரோ, டிசெண்ட் ஃப்ளைட் லெவல் ஒன் ட்டூ ஜீரோ' என்பது போல ஒரு வரி. இடப்பக்கம் 090 திசைக்குத் திரும்பி, 120-ஆம் உயர மட்டத்துக்கு இறங்கு என்று பொருள். ஐஃப்ளை என்பது வானொலியில் இண்டிகோவின் பெயர். ஃபைவை ஃபைஃப் என்றும் நைனை நைனர் என்றும் சொல்வது இரைச்சலில் ஒன்றோடொன்று குழம்பாமல் இருக்க. மகள் இதை ஒரு முறை வாசிக்க, தம்பியோ தங்கையோ வேண்டுமென்றே ஒரு எண்ணை மாற்றித் திருப்பிச் சொல்லட்டும். அதைக் கண்டுபிடிப்பதுதான் ஆட்டம். வீட்டில் சிரிப்பும் இருக்கும், வேலையும் நடக்கும்.

இதே பயிற்சி குரல் தேர்வுக்கும் உதவும். அங்கே ஆங்கிலப் பத்தியை உரக்க வாசிக்கச் சொல்வார்கள். திக்குகிறதா, சொற்கள் தெளிவாக விழுகின்றனவா என்று பார்ப்பார்கள். லண்டன் உச்சரிப்பு யாரும் கேட்கவில்லை. நம் பிள்ளைகளின் சிக்கல் வேகம்தான், பதற்றம் வந்தால் ரயில் மாதிரி ஓடிவிடுவார்கள். வானொலியில் நிமிடத்துக்கு 100 சொற்களுக்கு மேல் போகக்கூடாது என்பது சர்வதேச நடைமுறை. செய்தித்தாளில் 100 சொற்களை எண்ணிக் கோடு போட்டு, ஒரு நிமிடம் எடுத்து வாசித்து, செல்போனில் பதிவு செய்து கேட்கட்டும். முதல் தடவை அவளுக்கே இழுவையாகத் தோன்றும், கேட்பவருக்குத் தெளிவாக இருக்கும்.

இந்தி தெரியாது என்று தனியாக வருத்தப்பட்டிருந்தீர்கள். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இருக்கும், வானொலிப் பேச்சும் ஆங்கிலம். வட இந்தியாவில் போஸ்டிங் கிடைத்தால் காய்கறி வாங்க இந்தி வேண்டும், அது அங்கே போனால் தானே வந்துவிடும். கண்ணாடி போடுகிறாள் என்பதும் தடையில்லை. கண்ணாடியோடு ஒவ்வொரு கண்ணிலும் 6/9, இரண்டும் சேர்ந்து 6/6 தெரிந்தால் பார்வைத் தெளிவுக்கு அது போதும். நிறக்குருடுதான் சிக்கல். இப்போதே ஒரு கண் மருத்துவரிடம் நிறப் பார்வைச் சோதனை செய்துவிடுங்கள். ஒரு வருடம் படித்த பிறகு அது தெரியவந்தால் மனசு உடைந்துவிடும்.

சான்றிதழ் விஷயத்தில் நம் ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டு பிசி, எம்பிசி சான்றிதழ் மத்திய அரசு வேலைக்குச் செல்லாது. உங்கள் சாதி மத்திய ஓபிசி பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, கிரீமி லேயரில் இல்லை என்ற சான்றிதழை மத்திய அரசு படிவத்தில் வாங்க வேண்டும். இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்தால் அறிவிப்பு வந்தபின் தாசில்தார் அலுவலகத்துக்கு அலைய வேண்டியதில்லை. அந்தச் சான்றிதழ் இருந்தால் 27 வயது வரம்பு 30 ஆகும். மார்க் ஷீட்டில் இயற்பியல், கணிதம் இரண்டும் பெயரோடு இருக்கின்றனவா என்றும் பாருங்கள். பெண்களுக்கு விண்ணப்பக் கட்டணம் கிடையாது.

இரவு ஷிப்ட் உண்டா என்றால், உண்டு. பண்டிகை நாளிலும் உண்டு, இந்தியாவில் எங்கேயும் மாற்றலாம், ஒப்பந்த பாண்டும் எழுதித்தர வேண்டும். அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபாயில் தொடங்கும். இதைப் பற்றி நீங்கள் கவலைப்படுவதைவிட அவளிடம் நேராகக் கேட்டுவிடுவது நல்லது. கடிதத்தில் அவள் என்ன நினைக்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லையே, ஐயா.

அப்புறம் ஒன்று. இந்த அறிவிப்பு வருடா வருடம் தவறாமல் வரும் என்று நம்பி உட்கார முடியாது. 2022-இல் 400 இடம், 2023-இல் 496, 2025-இல் 309 என்று வந்தது. காத்திருக்கும் காலத்தில் விமானப்படையின் ஆஃப்கேட் தேர்வையும் எழுதச் சொல்லுங்கள். வருடத்துக்கு இருமுறை நடக்கும், பெண்களும் எழுதலாம், தரைப்பணிப் பிரிவுகளுக்கு வயது வரம்பு 26. அதில் நிர்வாகப் பிரிவுக்குத் தேர்வாகும் அதிகாரிகளில் சிலருக்கு ஏடிசி பணி கிடைக்கும். பட்டப்படிப்பில் 60 சதவீதம் இருக்க வேண்டும். ஆனால் அங்கே தவறான விடைக்கு மதிப்பெண் குறையும், அதனால் தெரியாத கேள்வியை விட்டுவிடச் சொல்லுங்கள்.