வரப்புதானே, வழிகாட்டி எதற்கு?

பிலிப்பைன்ஸின் இஃபுகாவ் மலைநாட்டில் பதாத் என்றொரு கிராமம். அதன் படிவயல்களைப் பற்றிப் போன இதழில் நாலு வரிதான் எழுதினேன், அதற்கு இத்தனை கடிதங்கள்! வேளாண் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அதனால் வயல் கேள்விகளுக்குத்தான் இம்முறை முதல் மரியாதை.

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி: அக்கா, என் மகன் மணிலாவில் டாக்டருக்குப் படிக்கிறான். லீவில் எங்களைப் பதாத் கூட்டிப்போகிறேன் என்கிறான். எனக்கு 58 வயது, முழங்கால் கொஞ்சம் மக்கர். பிறந்ததிலிருந்து வரப்பில் நடந்தவள். அங்கே காசு கொடுத்து வழிகாட்டி வைக்கத்தான் வேண்டுமா?

வைக்கத்தான் வேண்டும், அம்மா. நம் பக்கத்து வரப்பில் கால் தவறினால் சேற்றில் விழுவோம். புடவை பாழாகும், நாலு பேர் சிரிப்பார்கள், அவ்வளவுதான். பதாத்தில் வரப்பு என்பது கல் சுவரின் மேல்விளிம்பு. ஒரு பக்கம் தண்ணீர் நிற்கும் வயல், மறுபக்கம் ஆள் உயரத்துக்கும் மேலே நேர் பள்ளம். பல இடங்களில் ஒரு பாதம் வைக்கும் அகலம்தான் இருக்கும். ஒரு வயலிலிருந்து மேல் வயலுக்கு ஏற, சுவரிலிருந்து துருத்திக்கொண்டிருக்கும் கற்கள்தான் படி. கைப்பிடி கிடையாது.

எனக்கு வந்த வழிகாட்டி, பாக்கு மென்றுகொண்டே ரப்பர் செருப்போடு முன்னால் போனார். அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "வயல் பக்கம் சாய்ந்து நடங்கள்." விழுவதென்றால் சேற்றில் விழு, வெளியே விழாதே என்று அர்த்தம். பேச்சுக்கு நடுவே சட்டென்று குனிந்து, வரப்பில் கசிந்த இடத்தில் ஒரு கை சேற்றையும் களையையும் சேர்த்து அப்பி, குதிகாலால் மிதித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார். அது அவர் வயல்கூட இல்லை. மேலே ஒரு சுவர் சரிந்தால் கீழே இருக்கிறவன் வயலும் போச்சு என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். வழிகாட்டி இல்லாமல் போயிருந்தால் நான் அந்தக் கசிவைப் பார்த்தே இருக்க மாட்டேன்.

மணிலாவிலிருந்தே ஆளைப் பேசிக் கூட்டிப்போக வேண்டாம். ஊருக்குள் பதிவு செய்யும் இடத்தில் பதாத்துக்காரரையே கேளுங்கள். உங்கள் முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் எமன். வண்டிப்பாதை முடிந்தபின் ஊருக்கே இறங்கித்தான் போக வேண்டும். அதையும் தாண்டி தப்பியா அருவிக்கு ஒரு செங்குத்தான இறக்கம் இருக்கிறது; அங்கே மகனை மட்டும் அனுப்பிவிட்டு நீங்கள் ஊரிலேயே உட்கார்ந்து வயலைப் பாருங்கள்.

திருச்சியிலிருந்து: எந்த மாதம் போகலாம்?

பச்சையாகப் பார்க்க ஏப்ரல், மே. அறுவடை பார்க்க ஜூன் கடைசியோ ஜூலையோ. அதற்கப்புறம் புயல் காலம், மலைச்சரிவில் ரோடு அடைபடும். மணிலாவிலிருந்து, பதாத்துக்குப் பக்கத்து ஊரான பனாவேக்கு ராத்திரி பஸ். ஏசி உறைய வைக்கும், போர்வை எடுத்துக்கொள்ளுங்கள்.

மன்னார்குடியிலிருந்து ஒரு விவசாயி: மோட்டார் இல்லாமல் அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் எப்படி வருகிறது? நம் ஐ.ஆர். நெல் ரகங்கள் அங்கே உண்டா?

மேட்டூர் திறந்தார்களா என்று வானொலியைக் கேட்டு வளர்ந்தவர் கேட்கும் கேள்வி! அங்கே அணையே கிடையாது. வயல்களுக்கு மேலே இருக்கிற காடுதான் அணை. முயோங் என்பார்கள், ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொந்தமான காடு. மழையை அது பிடித்து வைத்து, ஊற்றாகவும் ஓடையாகவும் மெல்ல விடுகிறது. வாய்க்கால் வழியே மேல் வயலில் நிறைந்து, மடை வழியாக அடுத்ததற்கு, அதிலிருந்து அடுத்ததற்கு. காட்டை வெட்டினால் வயல் காயும் என்பதால், வயலோடு காட்டையும் சேர்த்தே பிள்ளைக்குக் கொடுப்பது வழக்கம். அதிலும் நல்ல வயல் மூத்த பிள்ளைக்கு, அது பெண்ணானாலும் சரி. (நம் ஊர்ப் பாகப்பிரிவினைகளை நினைத்து ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்கிறேன்.)

அங்கே விளைவது தினாவோன் என்ற பழைய நெல், வருஷத்துக்கு ஒரு போகம். எருமை இறங்காத குறுகிய வயல்களில் மண்வெட்டியும் காலும்தான் உழவு. அறுவடையில் தாளோடு அறுப்பதில்லை. கைக்குள் அடங்கும் சின்னக் கத்தியால் கதிரை மட்டும் கொய்து கட்டுகிறார்கள். அப்போது பெண்கள் பாடும் ஹுத்ஹுத் என்ற நெடுங்கதைப் பாட்டை முழுதும் பாடி முடிக்கப் பல நாள் ஆகும்.

ஐ.ஆர். ரகங்கள் பிறந்தது இதே பிலிப்பைன்ஸில்தான், ஆனால் சமவெளியில். லாஸ் பானோஸில் 1960-இல் தொடங்கிய சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966-இல் ஐ.ஆர்.8-ஐ வெளியிட்டது. 1982 முதல் 1988 வரை அதன் தலைமை இயக்குநராக இருந்தவர் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன். மலைக் குளிருக்கோ பழைய நெல்தான் பழகியது.

தொல்லைகளும் உண்டு. மண்புழு நமக்கு நண்பன், அங்கே எதிரி. பெரிய புழுக்கள் வரப்பைத் துளைத்து நீரைக் கசியவிடுகின்றன. உணவுக்காகத் தென் அமெரிக்காவிலிருந்து 1980களில் நாட்டுக்குள் கொண்டுவந்த பொன்னிற நத்தை இன்று இளம் நாற்றைத் தின்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே, ஆள் இல்லை. இளவட்டங்கள் வேலைக்கு நகரம் போய்விட, சரிந்த சுவரைக் கட்ட யாருமில்லை. யுனெஸ்கோ 1995-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த இந்த வயல்கள் 2001-இல் 'ஆபத்தில் உள்ளவை' பட்டியலுக்குப் போய், 2012-இல்தான் மீண்டன. வழிகாட்டிக் கூலியில் பேரம் பேசாதீர்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

மதுரையிலிருந்து: 2,000 வருஷம் பழையது என்கிறார்களே, உண்மையா?

பழைய நூல்கள் அப்படித்தான் சொல்கின்றன. ஸ்டீபன் அகபாதோ என்ற தொல்லியலாளரின் குழு தோண்டிப் பார்த்ததில், ஸ்பானியர் வந்தபின், ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்கு முன்புதான் இந்த நெல் வயல்கள் பரவின என்று தெரிகிறது. அடங்க மறுத்து மலைக்குள் திரண்டவர்கள் கட்டியவை. எனக்கு 2,000-ஐவிட இந்த 400-தான் பெரிதாகப் படுகிறது.

சென்னையிலிருந்து: பனாவே காட்சிமுனையோடு திரும்பிவிடலாமா? சைவம் கிடைக்குமா?

20 பெசோ நோட்டின் பின்பக்கத்தில் இருப்பது பனாவே வயல்தான், அழகுதான். ஆனால் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் ஐந்து தொகுதிகளில் அந்தக் காட்சிமுனை வயல் இல்லை, பதாத் இருக்கிறது. காட்சிமுனையில் பழைய உடையணிந்த முதியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். படம் எடுத்தால் காசு கொடுங்கள், ஒளிந்து எடுக்காதீர்கள். சைவத்துக்குச் சோறும் காய்கறியும் கேட்டால் செய்து தருவார்கள். ஊறுகாய் உங்கள் பொறுப்பு.

மன்னார்குடிக்காரரே மறுபடியும்: கொஞ்சம் விதைநெல் கொண்டுவந்து தருவீர்களா?

மாட்டேன். அனுமதி இல்லாமல் விதை கொண்டுவருவது சட்டப்படி தப்பு, ஓய்வூதியத்தில் கை வைத்துவிடுவார்கள். தவிர, குளிர் மலையில் வளர்ந்த நெல் உங்கள் சித்திரை வெயிலில் என்ன பாடுபடும் என்று உங்களுக்கே தெரியும். நேரில் போய் ஒரு தட்டு சோறாகச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.