ஃபிட் மாடலுக்கு போட்டோ எடுக்க மாட்டாங்களா?

திருப்பூர் கேட்லாக் ஷூட்டுகளுக்கும் பொள்ளாச்சிப் பக்கம் நடக்கும் படப்பிடிப்புகளுக்கும் ஆள் சேர்த்துக் கொடுப்பது என் வேலை. இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் "இந்த வார்த்தைக்கு என்னங்க அர்த்தம்?" என்பதுதான்.

எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஃபிட் மாடல் வேணும்னு கூப்பிட்டாங்க. டேப் வெச்சு அளவெடுத்தாங்க, ஒரு போட்டோகூட எடுக்கலை. இது மாடலிங்தானுங்களா? (வாசகி, அவினாசி)

மாடலிங்தான் அம்மிணி, ஆனால் கேமராவுக்கு அல்ல, தையலுக்கு. வெளிநாட்டு பையர், அதாவது ஆர்டர் கொடுத்து வாங்குபவர், ஒரு டி-ஷர்ட்டுக்கு அளவுப் பட்டியல் அனுப்புவார். அதன்படி தைத்த சாம்பிளை உயிருள்ள உடம்பில் போட்டுப் பார்த்துத் திருத்திய பிறகுதான் மொத்தமாகத் தைப்பார்கள். நீங்கள் கையைத் தூக்க வேண்டும், உட்கார வேண்டும், குனிய வேண்டும். "அக்குள்ல பிடிக்குது, கழுத்து ஏறுது" என்று சரியாகச் சொல்லத் தெரிந்தால்தான் மறுபடி கூப்பிடுவார்கள். முகம் ஒரு பொருட்டே இல்லை. மீடியம் அளவுக்கு எடுத்தால் மீடியமாகவே இருக்க வேண்டும். தீபாவளிப் பலகாரத்தில் இடுப்பு இரண்டு அங்குலம் ஏறினால் வேலை போச்சு.

பிறகு ஒரு நாள் முன்பக்கம், பக்கவாட்டு, முதுகு என்று படம் எடுத்து பையருக்கு அனுப்பக்கூடும். அது விளம்பரத்துக்குப் போகாது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அளவெடுப்பது பெண்ணாக இருக்கட்டும் என்று கேட்பதிலும் தப்பில்லை.

ஒப்பந்தத்தில் 'ஃபுல் பை-அவுட்' என்று போட்டிருக்கிறது. கையெழுத்துப் போடலாமா? (வாசகர், ஈரோடு)

இதில் நான் சூடுபட்டவன். இருபத்திரண்டு வயதில் ஒரு பனியன் கம்பெனிக்கு அரை நாள் நின்றேன். கைக்கு வந்தது பஸ் செலவும் இரண்டு பனியனும். அப்புறம் பல வருஷம் அந்தப் பெட்டியில் என் முகம்தான். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில்கூட அடையாளம் கண்டுபிடித்தார்கள். காசு மட்டும் வரவில்லை, கேட்கவும் வழியில்லை, ஏனென்றால் நான் கையெழுத்துப் போட்ட தாளில் இருந்ததும் அதே வார்த்தைதான்.

படத்தை எதில், எந்த ஊரில், எத்தனை காலம் பயன்படுத்தலாம் என்பதுதான் 'யூசேஜ்'. இந்த வரம்புகளை எடுத்துவிட்டு ஒரே தொகையில் மொத்தமாக எழுதிக் கொடுப்பது பை-அவுட். பெருந்துறை ரோட்டில் ஆறு மாதம் நிற்கும் பேனருக்கும் நாடு முழுக்க ஓடும் விளம்பரத்துக்கும் ஒரே கூலி ஆகாது. "பை-அவுட் வேண்டாம், ஒரு வருஷம், தமிழ்நாடு மட்டும்" என்று கேட்டுப் பாருங்கள். பக்கத்திலேயே 'எக்ஸ்க்ளூசிவிட்டி' இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அந்தக் காலம் முடியும்வரை போட்டிக் கம்பெனிக்கு நீங்கள் நிற்க முடியாது. அதற்கும் சேர்த்துத்தான் தொகை பேச வேண்டும்.

கால்ஷீட் என்றால் தேதியா, தாளா? (வாசகர், கோபி)

இரண்டும்தான். ஆங்கிலப் படவுலகில் அது மறுநாள் யார், எத்தனை மணிக்கு, எங்கே வர வேண்டும் என்று குறித்த தாள். நம் ஊரில் "அவர் இருபது நாள் கால்ஷீட் கொடுத்திருக்கிறார்" என்றால் தேதி. சம்பளம் பேசும்போது அதுவே நேரக் கணக்காகவும் வரும். அதனால் ஒரு கால்ஷீட் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, தாண்டினால் என்ன தருவார்கள், பேட்டா (தினப்படி) தனியா என்று முதலிலேயே கேளுங்கள்.

என் ஏழு வயது மகளை விளம்பரத்துக்குக் கேட்கிறார்கள். (ஒரு அம்மா, பொள்ளாச்சி)

இங்கே வார்த்தையைவிடச் சட்டம் முக்கியம். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2017 விதித் திருத்தப்படி, தயாரிப்பாளர் மாவட்ட ஆட்சியரிடம் அனுமதி வாங்க வேண்டும். குழந்தை ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. ஓய்வில்லாமல் 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் குழந்தை பேரில் நிலையான வைப்பாகப் போக வேண்டும். "அதெல்லாம் யாருங்க பார்க்கிறாங்க" என்று ஆள் சேர்க்கும் கோ-ஆர்டினேட்டர் சிரித்தால், மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுங்கள்.

போர்ட்ஃபோலியோவுக்கு (வாய்ப்புக் கேட்கக் காட்டும் படத் தொகுப்பு) அம்பதாயிரம் கேட்கிறாங்க. (வாசகர், தாராபுரம்)

கொடுக்காதீங்க தம்பி. வாய்ப்பு வாங்கித் தருபவருக்கு வருமானம், வந்த வாய்ப்பில் எடுக்கும் கமிஷன். முதலிலேயே பணம் கேட்பவர் போட்டோ வியாபாரி. ஆரம்பத்துக்கு 'டிஜிட்டல்ஸ்' போதும்: மேக்கப் இல்லாமல், வெள்ளைச் சுவர் முன்னால், பகல் வெளிச்சத்தில் முகம், பக்கவாட்டு, முழு உடம்பு. போன் கேமராவே தாராளம். நாலு வேலை செய்த பிறகு 'காம்ப் கார்டு' என்ற அறிமுக அட்டை அடிக்கலாம். முன்பக்கம் ஒரு முகம், பின்பக்கம் மூன்று நான்கு படம், உயரம், அளவுகள்.

செல்ஃப்-டேப்பில் 'ஸ்லேட்' சொல்லுங்கள் என்கிறார்கள். (வாசகி, கரூர்)

செல்ஃப்-டேப் என்பது நீங்களே எடுத்து அனுப்பும் நடிப்பு வீடியோ, ஸ்லேட் என்பது அதில் சொல்லும் அறிமுகம்: பெயர், வயது, உயரம், ஊர். அப்புறம் இடது பக்கம், வலது பக்கம் திரும்பிக் காட்டுங்கள். போனை அகலவாட்டில் வைத்து எடுங்கள். தெரிந்த மொழிகளில் கொங்குத் தமிழையும் சேர்த்துச் சொல்லுங்கள். கோவை சரளா பேசிப் பேசியே ஊரறிய வைத்த பேச்சு அது. அதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிக் கொடுத்து நடிக்க வைப்பதற்குள் எங்களுக்குப் பாதி நாள் போய்விடுகிறது.