எந்த ஆண்டில், எந்த வாசலில்: வாசகர் கேள்வி பதில்

வளைகுடாவில் பணிபுரியும் நம் மாவட்டத்தாரைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து, வேற்று நாடுகளில் குடியேறிய அரபியரையும் தாய்லாந்தியரையும் ஒப்பிட்டு இராமநாதபுரம் கடற்கரையூர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இவ்விதழில் விடையளிக்கிறேன்.

கேள்வி (கீழக்கரை வாசகர் ஒருவர்): என் மகன் அமெரிக்காவில் டெட்ராய்ட் அருகே பணிபுரிகிறான், மகள் குடும்பத்துடன் லாஸ் ஏஞ்சல்ஸில் இருக்கிறாள். தன் பக்கத்து அரபியர் கடையும் வீடுமாகச் செழித்திருக்கிறார்கள் என்று மகன் சொல்கிறான். மகளோ, தன் தெருவில் உள்ள தாய்லாந்தியர் உணவகங்களில் காலை முதல் நள்ளிரவு வரை உழைத்தும் வாடகை வீட்டைத் தாண்டவில்லை என்கிறாள். இரு கூட்டத்தாரும் கடல் கடந்து போனவர்கள்தானே? அரபியருக்கு வணிகம் ரத்தத்தில் ஊறியது என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வது சரிதானா?

பதில்: தங்கள் பிள்ளைகள் கண்ணால் கண்டதைச் சொல்கிறார்கள்; அதில் பிழையில்லை. ஆனால் அந்தக் காட்சிக்கு ரத்தத்தைக் காரணமாகச் சொல்வதை என்னால் ஏற்க இயலவில்லை. நம்மையே எண்ணிப் பாருங்கள். பாங்காக்கின் சீலோம் பகுதியில் கல் வியாபாரம் செய்யும் கீழக்கரையாரைக் காணும் தாய்லாந்தியர் ஒருவர், இராமநாதபுரத்தார் என்றாலே மாணிக்கமும் நீலமும் விற்கும் செல்வர் என்று எண்ணக்கூடும். ரியாதில் கட்டடச் சாரத்தின் மேல் நிற்கும் முதுகுளத்தூர் இளைஞரைக் காணும் அரபியர், அதே மாவட்டத்தாரைக் கூலிக்கு வந்தவராகவே அறிவார். இருவரும் நம்மவர், இருவரையும் கூட்டிப் பாதியாக வகுத்தால் வருபவர் நம் மாவட்டத்தில் எங்கும் இல்லாத ஒருவர். ஆகவே ஒரு சமூகத்தின் பொருளாதார நிலையை அறிய வேண்டுமானால், அவர்கள் எந்த ஆண்டில், எந்தச் சட்டத்தின் வாசல் வழியாக உள்ளே போனார்கள் என்பதை முதலில் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அரபியர் அமெரிக்காவுக்குத் திரளாகப் போகத் தொடங்கியது 1880-களில். அன்று உதுமானியப் பேரரசின் கீழிருந்த லெபனான் மலைப்பகுதியில் பட்டுத் தொழில் நலிந்ததாலும், பின்னாளில் கட்டாயப் படைச்சேவைக்கு அஞ்சியும், பெரும்பாலும் கிறித்தவர்களாகிய அம்மக்கள் கப்பலேறினார்கள். ஊசி, நூல், பொத்தான், பின்னல் துணி, ஜெபமாலை ஆகியவற்றை மூட்டையாகக் கட்டித் தோளில் சுமந்து, நம் பக்கத்துத் துணிமூட்டை வியாபாரிகளைப் போலவே, பண்ணை பண்ணையாக நடந்து விற்றார்கள். மூட்டை நாளடைவில் மளிகைக் கடையாயிற்று. இவ்வளவும் ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் வணிகத் திறமைக்குச் சான்றாகத் தோன்றலாம். எனினும் அந்தக் கடை பிள்ளைகள் கைக்கும் பேரப்பிள்ளைகள் கைக்கும் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் ஒரு வழக்கின் தீர்ப்பு.

அக்காலத்தில் அயல்நாட்டிலிருந்து வந்தவர்களில் வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் மட்டுமே அமெரிக்கக் குடியுரிமை வழங்கப்பட்டது. தெற்குக் கரோலினாவில் வாழ்ந்த ஜார்ஜ் டவ் என்ற சிரியரின் (லெபனான் மலையாரும் அன்று சிரியர் என்றே அழைக்கப்பட்டார்கள்) விண்ணப்பத்தைக் கீழ் நீதிமன்றம் மறுக்க, 1915-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், சிரியர் வெள்ளையரே என்று தீர்ப்பளித்தது. நம் நாட்டைச் சேர்ந்த பகத் சிங் திந்தின் குடியுரிமை வழக்கில் 1923-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்போ இதற்கு நேர்மாறானது. இந்தியர் வெள்ளையர் ஆகார் என்று அது முடிவு செய்தது. தாய்லாந்தின் நிலை இன்னும் இறுக்கமானது. 1917-ஆம் ஆண்டுச் சட்டம் ஆசியாவின் பெரும்பகுதியைத் தடுக்கப்பட்ட மண்டலமாக அறிவித்தபோது அன்றைய சயாமும் அதனுள் அடங்கியது. குடியுரிமைக்குத் தகுதியற்றவர் வேளாண் நிலம் வாங்கக் கூடாது என்ற சட்டம் கலிபோர்னியாவில் 1913 முதலே இருந்தது. குடியுரிமை பெற்ற சிரியர் தம் பெயரில் நிலமும் கடையும் பதிவு செய்து மக்களுக்கு விட்டுச்சென்ற அதே காலத்தில், தாய்லாந்தியருக்கு உள்ளே நுழையவே வழியில்லை. 1924-ஆம் ஆண்டின் ஒதுக்கீட்டுச் சட்டம் சிரியருக்கும் கதவை ஏறக்குறைய மூடிவிட்டது என்றாலும், அதற்குள் போனவர்கள் வேரூன்றிவிட்டார்கள். தங்கள் மகன் காணும் செழிப்பில் ஒரு பகுதி இந்த இரண்டு, மூன்று தலைமுறை முன்தொடக்கத்தின் விளைவு என்பதே என் கணிப்பு.

ஒரு பகுதி என்றுதான் சொன்னேன். டெட்ராய்டை ஒட்டிய டியர்பார்ன் நகரில் இன்று பாதிக்கு மேற்பட்டோர் மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்க வம்சாவளியினர். அவர்களின் முன்னோர் பலர் ஃபோர்டு நிறுவனத்தின் ரூஷ் ஆலையில் கார் பாகங்களை இணைக்கும் தொழிலாளராகச் சேர்ந்தவர்கள். 1975-இல் தொடங்கிய லெபனான் உள்நாட்டுப் போருக்குத் தப்பி வந்தவர்கள், 1991-க்குப் பின் ஈராக்கிலிருந்து அகதியாக வந்தவர்கள், யேமன்காரர்கள் எனப் பலர் பின்னர் சேர்ந்தார்கள். அந்நகரில் வறுமையில் வாழ்வோரின் விகிதம் அமெரிக்கச் சராசரியைவிட அதிகம் என்பதைத் தங்கள் மகனுக்கு எழுதுங்கள். கடைத்தெருவின் விளக்கொளியில் அது கண்ணுக்குப் படாது. எகிப்தியரை எடுத்துக்கொண்டால் பாதிக்கு மேற்பட்டோர் பட்டதாரிகள். யேமன்காரர்களோ கலிபோர்னியத் திராட்சைத் தோட்டங்களில் கூலிகளாக இருந்தவர்கள். 1973-இல் அங்கு நடந்த விவசாயத் தொழிலாளர் போராட்டத்தில் நாகி தைஃபுல்லா என்ற 24 வயது யேமன் இளைஞர் காவலரின் தாக்குதலில் உயிரிழந்தார். நியூயார்க்கின் தெருமுனை மளிகைக் கடைகள் பலவற்றை யேமன்காரர்களே நடத்துகிறார்கள். யேமன் உள்ளிட்ட நாடுகளிலிருந்து வருவோருக்குத் தடை விதிக்கப்பட்டபோது, 2017 பிப்ரவரி 2-ஆம் நாள் அவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளை அடைத்துத் தெருவில் இறங்கித் தொழுதார்கள். எகிப்திய மருத்துவரும் இந்தக் கடைக்காரரும் கணக்கேட்டில் ஒரே அரபியர்தாம்.

இனித் தாய்லாந்தியருக்கு வருவோம். 1965-இல் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் திருத்தப்பட்ட பின்னரே அவர்கள் கணிசமாகச் சென்றார்கள். முதலில் போனவர்கள் மருத்துவர்கள், செவிலியர், மாணவர்கள் ஆகியோர். வியட்நாம் போரின்போது தாய்லாந்தின் உடோன், உதபாவோ, கோராத் போன்ற இடங்களில் அமெரிக்க வான்படைத் தளங்கள் இருந்தமையால், படைவீரர்களை மணந்து சென்ற பெண்கள் அடுத்த பிரிவினர். இன்று அமெரிக்காவில் உள்ள மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட தாய்லாந்து வம்சாவளியினரில் பெண்களே மிகுதி. இரு நாடுகளுக்கும் இடையே 1966-இல் கையெழுத்தான நட்புறவு உடன்படிக்கையின்படி, முதலீட்டுடன் வந்து தொழில் தொடங்குவோருக்கும் விசா கிடைத்தது. தங்கள் மகள் காணும் உணவகங்களுள் சில அவ்வழியில் வந்தவையாக இருக்கலாம். லாஸ் ஏஞ்சல்ஸின் கிழக்கு ஹாலிவுட்டில் ஒரு பகுதி 1999-இல் முறைப்படி தாய் டவுன் என்று பெயர் பெற்றது. 2002-இல் தாய்லாந்து அரசே உலகெங்கும் தன் நாட்டு உணவகங்களைப் பெருக்கத் திட்டமிட்டு ஊக்கமளித்தது. ஓர் அரசின் ஆதரவு பெற்ற தொழிலாக இருந்தும், சமையற்கட்டில் நிற்பவரின் ஊதியம் அதனால் உயர்ந்துவிடவில்லை. தாய்லாந்துக் குடும்பங்களின் இடைநிலை வருமானம் அமெரிக்க ஆசியர் அனைவரின் இடைநிலை வருமானத்தைவிடக் குறைவாகவே உள்ளது.

எல் மான்டே நிகழ்வைச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க என் மனம் ஒப்பவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸை அடுத்த அவ்வூரில் 1995 ஆகஸ்ட் 2-ஆம் நாள் அதிகாரிகள் ஓர் அடுக்குமாடி வளாகத்துள் நுழைந்தபோது, முள்வேலிக்குள் அடைத்துவைக்கப்பட்டிருந்த 72 தாய்லாந்தியரைக் கண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பயணச் செலவுக் கடனை அடைக்கும்வரை வெளியேறக் கூடாது என்று மிரட்டப்பட்டு, சிலர் ஆண்டுக்கணக்கில் அங்கேயே பெரிய கடைகளுக்கான ஆடைகளைத் தைத்துக்கொண்டிருந்தார்கள். மீட்கப்பட்ட பின்னரும் முதலில் அவர்களைக் குடியேற்றத் துறை காவலில் வைத்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் தொடங்கப்பட்டிருந்த தாய் சமூக மேம்பாட்டு மையத்தாரும் வழக்கறிஞர்களும் போராடி விடுவித்தார்கள். ஆள்கடத்தலுக்கு உள்ளானவர்களுக்குத் தனி விசா வழங்கும் 2000-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு இவ்வழக்கும் ஒரு தூண்டுகோல். ஏஜென்டிடம் கடன்பட்டுப் போய், போன இடத்தில் பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்த சபராளிகளின் கதையைக் கேட்டு வளர்ந்த நம் கடற்கரையாருக்கு, அந்த 72 பேர் யாரோ அல்லர்.

கேள்வி (தொண்டி வாசகி ஒருவர்): ஜெர்மனியில் உள்ள தாய்லாந்தியருள் பெரும்பாலோர் பெண்கள் என்றும், அங்கு வந்த சிரியருள் ஆண்களே மிகுதி என்றும் படித்தேன். இதனால் வாழ்க்கை நிலையில் என்ன வேறுபாடு உண்டாகிறது?

பதில்: தாங்கள் படித்தது சரியே. ஜெர்மனியில் உள்ள தாய்லாந்துக் குடிமக்களில் 85 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் பெண்கள்; ஜெர்மானியரை மணந்து சென்றவர்களே அவர்களில் அதிகம். அவர்களின் குடியேற்ற வாசல் திருமணம் என்பதால், வீட்டுக்குள் இருக்கும் உறவே சட்டப் பிடிமானமாகிவிடுகிறது. மணவாழ்வு குறைந்தது மூன்று ஆண்டுகள் நீடித்தால்தான் பொதுவாகத் தனித்துத் தங்கும் உரிமை கிடைக்கும். கணவர் கொடுமைப்படுத்தினால் விதிவிலக்கு உண்டு; ஆனால் மொழி அறியாத ஊரில் அதை மெய்ப்பிப்பது எளிதன்று. 2007 முதல் வாழ்க்கைத்துணையாகச் செல்வோர் புறப்படுமுன்பே அடிப்படை ஜெர்மன் தேர்வில் தேற வேண்டும். அங்கே சென்றபின் பெரும்பாலோருக்குக் கிட்டுபவை தூய்மைப் பணி, உணவகம், மசாஜ் நிலையம் போன்ற சேவைத் தொழில்களே. ஊரில் பெற்ற கல்விக்கு அங்கு மதிப்புக் கிடைப்பதில்லை.

சிரியர் பெருமளவில் வந்தது 2015-இல். அகதி என்ற ஏற்புக் கிடைத்தவருக்கு 600 மணி நேர மொழிப் பயிற்சியும் 100 மணி நேர நாட்டறிமுகமும் கொண்ட பாடத்திட்டத்தை அரசே நடத்துகிறது. ஆபத்தான கடல்வழியில் ஆண்கள் முன்னே சென்றார்கள். முழு அகதித் தகுதி பெறாதவர்கள் குடும்பத்தை வரவழைப்பதை 2016 மார்ச் முதல் அரசு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நிறுத்திவைத்ததால், பலர் மனைவியையும் மக்களையும் காணாமலே காலம் கழித்தார்கள். வளைகுடாக் கணவர்களின் மனைவியர் மிகுந்த தொண்டியிலிருந்து எழுதும் தங்களுக்கு அந்தக் காத்திருப்பை நான் விளக்க வேண்டியதில்லை. எனினும் அவ்வாசலில் நுழைந்தவர்களுக்குக் காலம் துணைசெய்தது. 2015-இல் வந்த அகதிகளில் பாதிக்கு மேற்பட்டோர் சில ஆண்டுகளில் வேலையில் சேர்ந்தார்கள். பெண்களின் பங்கு மட்டும் ஆண்களைவிட மிகக் குறைவு. ஜெர்மனியில் பணிபுரியும் அயல்நாட்டு மருத்துவர்களில் சிரியரே முதலிடத்தில் உள்ளனர். 2023-இல் ஜெர்மன் குடியுரிமை பெற்ற ஏறத்தாழ இரண்டு லட்சம் பேரில் சிரியர் 75,000-க்கும் மேல். தாய்லாந்துப் பெண்களோ அவ்வாறு விரையவில்லை. தாய்லாந்தில் அயல்நாட்டார் நிலம் வைத்திருக்கச் சட்டம் இடம் தராத நிலையில், ஊரில் ஒரு துண்டு வயல் வாங்கும் நினைவோடு உழைத்தவர், 2024 ஜூனில் ஜெர்மன் சட்டம் இரட்டைக் குடியுரிமைக்கு இடமளிக்கும்வரை, பழைய குடியுரிமையை விடத் தயங்கியது இயல்பே. திரும்பிச் செல்ல நாடு இருப்பவரையும், நாடே எரிந்துவிட்டவரையும் ஒரே அளவுகோலால் அளப்பது நியாயமாகாது.

கேள்வி (பாம்பன் வாசகர் ஒருவர்): சில மாதங்களுக்கு மட்டும் வேலைக்குப் போய்வருபவர்களையும் குடியேறிகள் என்று சொல்லலாமா?

பதில்: சட்டப்படி அவர்கள் குடியேறிகள் ஆகார், அவர்களின் துயரத்துக்கு அதுவே பெரிய காரணம். தாய்லாந்தின் வடகிழக்கில் உள்ள ஈசான் பகுதி உழவர்கள் கோடையில் சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் காட்டுப் பெர்ரிப் பழம் பறிக்கச் செல்கிறார்கள். விமானச் செலவுக்கு ஊரில் கடன் வாங்குகிறார்கள். பழம் நன்றாக விளைந்தால் மிச்சம், விளையாவிட்டால் கடனோடு திரும்புவார்கள். அக்டோபர் 2023-க்கு முன் இஸ்ரேல் வயல்களில் சுமார் 30,000 தாய்லாந்தியர் உழைத்தார்கள். அம்மாதம் 7-ஆம் நாள் தாக்குதலில் அவர்களில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள், பலர் பிணையாகக் கொண்டுசெல்லப்பட்டார்கள். தங்கள் ஊரிலிருந்து வளைகுடாவுக்கு மீன்பிடிக்கச் சென்று படகிலேயே தங்கும் தொழிலாளரின் நிலையும் இதற்கு வெகு தொலைவில் இல்லை.

கேள்வி (தேவிபட்டினம் கல்லூரி மாணவி ஒருவர்): இந்த இரு சமூகங்களை ஒப்பிட்டு ஆய்வுக் கட்டுரை எழுத விரும்புகிறேன். எந்தப் புள்ளிவிவரங்களை நம்பலாம்?

பதில்: அமெரிக்கக் கணக்கெடுப்பை எடுத்துக்கொண்டால் ஓர் எச்சரிக்கை தேவை. முன்பு உதவிய அந்த 1915-ஆம் ஆண்டு வகைப்பாடே பின்னாளில் தடையாயிற்று: அரபியர் வெள்ளையர் என்ற கட்டத்துக்குள் அடைக்கப்பட்டதால் அவர்களின் வறுமையும் நோயும் தனியாகத் தெரியாமல் போயின. மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்கா என்ற தனிக் கட்டம் அமைக்க 2024 மார்ச்சில்தான் முடிவு செய்யப்பட்டது. அது படிவங்களுக்கு வந்து சேரக் காலமாகும். தாய்லாந்தியருக்கும் தனிக் கட்டம் இல்லை. பிற ஆசியர் என்ற இடத்தில் கையால் எழுத வேண்டும். எனவே இனக் கட்டத்தை விடுத்து, வம்சாவளிக் கேள்விக்கும் பிறந்த நாட்டுக் கேள்விக்கும் கிடைத்த விடைகளிலிருந்து தொடங்குங்கள். லெபனானியர், எகிப்தியர், ஈராக்கியர், யேமன்காரர் ஆகியோரைத் தனித்தனியே பிரித்தெடுங்கள். தாய்லாந்தியரில் ஆணையும் பெண்ணையும், வந்த ஆண்டையும் பிரித்தெடுங்கள். தேவிபட்டினத்தில் தங்கள் தெருவிலேயே வெளிநாடு போனவர் உள்ள நான்கு வீடுகளில், எந்த ஆண்டு போனார், எந்த விசாவில் போனார், எவ்வளவு கடனோடு போனார் என்ற மூன்று கேள்விகளையும் முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொண்டால், அயல்நாட்டு அட்டவணைகளில் எந்தப் பத்தியைத் தேடுவது என்பது தங்களுக்குத் தெளிவாகிவிடும்.