ஃபிட்ஸ் நின்ற பிறகும் கேட்க வேண்டிய கேள்விகள்

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. வலிப்புக்கு லெவெடிராசிட்டம் மாத்திரை சாப்பிடுகிறாள். கடைசியாக ஃபிட்ஸ் வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. போன முறை டாக்டர், மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க ஒரு கேள்வித்தாள் கொடுத்தார். செத்துப்போகலாம் போலத் தோன்றுகிறதா என்றுகூட அதில் கேட்டிருக்கிறது. கொஞ்ச நாளாக எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாள், அவ்வளவுதான். இதெல்லாம் தேவையா? அவள் மனதில் இல்லாததை நாமே கிளப்பிவிட்டதாக ஆகாதா?

பதில்: தேவைதான் அம்மா. அப்படி ஆகாது. சாவைப் பற்றி நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை. ஏற்கெனவே தனக்குள் வைத்துத் தவிக்கும் பிள்ளைக்கு அதைச் சொல்ல ஒரு வழி கிடைக்கிறது.

வலிப்பு உள்ள வளரிளம் பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிட மனச்சோர்வு அதிகம் வருகிறது. வகுப்பில் எல்லோர் முன்னாலும் விழுந்துவிடுவோமோ என்ற பயம் மட்டும் இதற்குக் காரணமில்லை. வலிப்பும் மனச்சோர்வும் மூளையில் ஒன்றோடொன்று தொடர்புடையவை. சில மாத்திரைகளுக்கும் இதில் பங்குண்டு. லெவெடிராசிட்டம் சிலருக்கு எரிச்சலையும் கோபத்தையும் கொண்டுவரும். அதனால், எரிந்து விழுவது மாத்திரை தொடங்கிய பிறகா, அளவைக் கூட்டிய பிறகா, அதற்கு முன்பேயா என்று யோசித்துத் தேதியோடு எழுதிக்கொண்டு போங்கள். டாக்டருக்கு அது மிகவும் உதவும். ஆனால் நீங்களாக ஒரு வேளைகூட மாத்திரையை நிறுத்தாதீர்கள். அடங்கியிருந்த வலிப்பு திரும்பிவிடலாம்.

‘இந்த வயசே அப்படித்தான்’ என்று விட்டுவிடுவதுதான் எனக்குக் கவலை. இந்த வயதில் மனச்சோர்வு அழுகையாக மட்டுமல்லாமல், எரிச்சலாகவும் வரும். பிடித்ததில் ஆர்வம் போவது, தூக்கம் கெடுவது, தோழிகளைத் தவிர்ப்பது, இவற்றில் ஏதாவது 2 வாரம் நீடித்தால் கேள்வித்தாளுக்குக் காத்திருக்க வேண்டாம், டாக்டரிடம் போய்விடுங்கள். கவனிக்காமல் விட்டால் மாத்திரையைத் தவறவிடுவாள், தூக்கமும் கெடும். இரண்டுமே ஃபிட்ஸைத் திரும்ப வரவழைக்கும்.

வலிப்புள்ள 12 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கென்றே 12 கேள்விகள் கொண்ட ஒரு தாள் இருக்கிறது. நிரப்பச் சில நிமிடம் போதும். மதிப்பெண் கூடினால் மனச்சோர்வு உறுதி என்று அர்த்தமில்லை. மனநல மருத்துவர் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்வார். அப்புறம், மனச்சோர்வு மாத்திரை ஃபிட்ஸைக் கிளப்பும் என்று யாராவது சொன்னால் பயப்படாதீர்கள். செர்ட்ராலின், ஃப்ளுவாக்செட்டின் போன்றவற்றை வலிப்பு உள்ளவர்களுக்கும் கொடுக்கிறோம்.

அவள் வாயிலிருந்து சாகும் பேச்சு வந்தால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அதுவரை தனியாக விடாதீர்கள், மாத்திரை டப்பா உங்கள் கையில் இருக்கட்டும்.

தாளை அவளே நிரப்பட்டும். அந்த நேரம் நீங்கள் அறைக்கு வெளியே இருங்கள். அம்மா பக்கத்தில் இருந்தால், அம்மாவுக்கு வலிக்காத பதிலைத்தான் எழுதுவாள்.