மலிவு நிறுவனங்கள் நற்பெயர் எடுப்பது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சீனக் கைப்பேசிகளை ‘சைனா செட்’ என்று ஊரே கேலி பேசிய காலம் ஒன்று இருந்தது. சம்பா அறுவடைப் பணம் கைக்கு வந்ததும் புதிய தொலைக்காட்சி வாங்கலாம் என்றிருக்கிறோம். என் மகனோ ஷாவ்மி என்ற சீன நிறுவனத்தின் பெயரைத்தான் முதலில் சொல்கிறான். பொருள் உண்மையிலேயே திருந்திவிட்டதா, விளம்பரம் நம்மைப் பழக்கிவிட்டதா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: நாம் அன்று ‘சைனா செட்’ என்று அழைத்தது எந்த ஒரு நிறுவனத்தையும் அல்ல. பெயரே இல்லாமலோ, பெரிய நிறுவனத்தின் பெயரில் ஓரெழுத்தை மாற்றி ஒட்டிக்கொண்டோ, இரண்டு சிம்மும் காதைக் கிழிக்கும் ஒலிபெருக்கியுமாக வந்த கைப்பேசிகள் அவை. ஒவ்வொரு கைப்பேசிக்கும் தனித்தனியாக உரிய அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. முறையாக இல்லாத கைப்பேசிகளின் இணைப்பை 2009 டிசம்பர் முதல் துண்டிக்கும்படி மத்திய அரசு உத்தரவிட்ட பிறகு அவற்றின் ஆட்டம் அடங்கியது. கெட்டுப்போனால் திட்டுவதற்குக்கூட ஒரு முகவரி இல்லாத பொருள், திருந்துவதற்கு யாதொரு காரணமும் இல்லை.

2014 ஜூலையில் ஷாவ்மி இந்தியாவுக்கு வந்தபோது நிலைமை வேறு. தன் பெயரிலேயே விற்றது. முதலில் இணையத்தில் மட்டும் விற்றதால் இடைத்தரகுச் செலவு மிச்சமானது. 2015-இல் ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டியில் பிற நிறுவனங்களுக்குக் கருவிகள் செய்து தரும் ஃபாக்ஸ்கானின் ஆலை வழியாக, பாகங்களைப் பொருத்தி இங்கேயே கைப்பேசிகளை உருவாக்கத் தொடங்கியது. தொலைக்காட்சிக்கு 2018-இல்தான் வந்தது. சில ஆயிரம் கருவிகளை விற்பவர், ஆலை நீட்டுகிற ஆயத்த வடிவமைப்பை வாங்கித் தம் பெயரை ஒட்டிக்கொள்வதோடு சரி. பல இலட்சம் விற்பவரால்தான் எந்த பேட்டரி, எந்த கெபாசிட்டர் என்று ஆலையிடம் கறாராகச் சொல்லவும், தேறாத சரக்கைத் திருப்பி அனுப்பவும் முடியும். அதோடு, ஒரு கருவியில் கிடைக்கும் லாபம் சொற்பமாக இருக்கும்போது, உத்தரவாதக் காலத்தில் திரும்பி வரும் ஒரே கருவி பல கருவிகளின் லாபத்தை விழுங்கிவிடும். ஆகவே பழுதைக் குறைப்பது அத்தகைய நிறுவனத்துக்குக் கணக்கு வழக்கு சார்ந்த கட்டாயமாகிறது.

இது சீனருக்கு மட்டும் உரிய கதையன்று. 1950-களில் அமெரிக்கச் சந்தையில் ஜப்பானியப் பொருள் என்றாலே மட்டமான சரக்கு என்றுதான் எண்ணினார்கள். 1995-இல் சாம்சங் தலைவர் லீ குன்-ஹீ, தென்கொரியாவின் குமி ஆலையில் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பழுதுள்ள கைப்பேசிகளையும் பிற கருவிகளையும் தொழிலாளர்கள் கண்ணெதிரே தீக்கிரையாக்கச் செய்தார். இத்தகைய கதைகளை நிறுவனங்களே விரும்பிப் பரப்பும் என்பதால் நான் அவற்றுக்குப் பாதி மதிப்பெண்தான் தருவேன். அதற்குப் பின் பல ஆண்டுகள் நடந்த தரப் பரிசோதனைதான் முக்கியம். எப்படியானாலும், பொருள் திருந்திச் சில ஆண்டுகள் கழித்தே பெயர் திருந்துகிறது. அந்த இடைவெளியில் வாங்குபவர்க்கு ஆதாயம். உங்கள் மகன் சொல்லும் நிறுவனத்துக்கு அந்த இடைவெளி பெரும்பாலும் முடிந்துவிட்டது. பொருள் குறித்து அஞ்ச வேண்டியதில்லை, விலைதான் முன்போல் மலிவாக இராது.

கேள்வி: என் தந்தையார் தம் இளமைக்காலத்தில் கேட்ட ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் பெயரை நம்பி, குறைந்த விலையில் எல்.இ.டி. டிவி வாங்கினார். பழுது பார்க்க வந்தவர், “அந்த கம்பெனி இதைச் செய்யவே இல்லை” என்கிறார். இது மோசடியா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: மோசடியாக இருக்க வேண்டும் என்பதில்லை. பழைய நிறுவனம் ஒரு பொருளைச் செய்வதை நிறுத்திவிட்ட பின்னும், அதன் பெயருக்கு மக்கள் மனத்தில் மதிப்பு எஞ்சியிருக்கும். அந்தப் பெயரை உரிமக் கட்டணம் பெற்றுக்கொண்டு வேறொருவருக்கு அளிப்பது சட்டப்படியான வணிகம். இந்தியாவில் கோடாக், தாம்சன் பெயர்களில் வரும் தொலைக்காட்சிகளை உரிமம் பெற்றுத் தயாரிப்பது சூப்பர் பிளாஸ்ட்ரானிக்ஸ் என்னும் இந்திய நிறுவனம். நோக்கியா பெயரிலான கைப்பேசிகளையும் 2017 முதல் எச்.எம்.டி. குளோபல் என்ற வேறு நிறுவனமே வெளியிட்டது.

இவ்வாறு வரும் பொருள்கள் யாவும் மட்டமானவை என்று நான் சொல்லவில்லை. உங்கள் தந்தையார் நம்பிய அனுபவத்துக்கும் இந்தப் பொருளுக்கும் தொடர்பில்லை என்பதுதான் செய்தி. முந்தைய பதிலில் சொன்ன இடைவெளி இங்கே எதிர்த்திசையில் வேலை செய்கிறது: ஆலை போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயரையும் முகவரியையும் அட்டைப்பெட்டியில் அச்சிடுவது சட்டப்படி கட்டாயம். பெரிய எழுத்திலுள்ள பெயரை விட்டுவிட்டு அந்தச் சிறிய எழுத்தைப் படியுங்கள். உத்தரவாதக் காலத்துக்குள் பழுது நீக்க மறுத்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்.

கேள்வி: நல்ல பெயர் எடுத்த மலிவு நிறுவனம் விலையை ஏற்றிவிட்டால், அடுத்து வரும் புதிய மலிவுப் பெயருக்குத் தாவலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: அந்தப் புதிய பெயரும் பழைய நிறுவனத்தின் வீட்டிலிருந்தே வந்திருக்கலாம். ஷாவ்மி 2019-இல் ரெட்மியையும், 2020-இல் போகோவையும் தனிப் பெயர்களாகப் பிரித்தது; தலைப்பெயர் மேலே ஏறும்போது அடிமட்ட விலையைக் காக்க இன்னொரு பெயர் வேண்டும். தாவலாம், ஆனால் லாபத்தைக் குறைத்து விற்பவர், திரையில் விளம்பரம் காட்டியும் ஈட்டுவார் என்பதைச் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் டிவி மெக்கானிக் ஒரு நிறுவனத்தை “வாங்கவே வாங்காதீர்கள்” என்கிறார். அவர் சொல் இறுதியானதா?
– வாசகர், வேதாரண்யம்

பதில்: மெக்கானிக்கிடம் வருவன யாவும் கெட்டுப்போன கருவிகள். ஊரில் எது அதிகம் விற்கிறதோ அதுவே அவர் மேசையில் அதிகம் கிடக்கும்; நூற்றுக்கு எத்தனை கெட்டது என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. மேலும், உப்பளக் காற்றும் ஈரமும் சர்க்யூட் போர்டை அரிப்பதற்கும், மின்னழுத்தம் ஏறி இறங்கி பவர் போர்டு போவதற்கும் நிறுவனத்தின் தலையில் பழி விழுவதுண்டு.

எனினும், அவரிடம் ஒரு செய்தியை மட்டும் தவறாமல் கேளுங்கள். சாலிடேர், டயனோரா என்ற பழைய டிவி நிறுவனங்களின் காலத்திலும், 2006-க்குப் பின் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி வழங்கிய காலத்திலும், படக்குழாய் டிவியின் பெரும்பாலான உதிரிகளைப் பொதுவாகக் கடையில் வாங்கி மாட்டிவிட முடிந்தது. இன்று மெயின் போர்டு அந்தந்த மாடலுக்கே உரியது. எந்த நிறுவனத்தின் போர்டும், திரைக்கு ஒளி தரும் பேக்லைட் பட்டையும் திருத்துறைப்பூண்டியிலோ நாகப்பட்டினத்திலோ எத்தனை நாளில் கிடைக்கின்றன என்று கேட்டால், அவர் அனுபவத்திலிருந்து சரியாகச் சொல்வார். அந்தப் பதிலோடு கடைக்குச் செல்லுங்கள். ஸ்டெபிலைசருக்கும் சேர்த்துப் பணம் எடுத்துச் செல்லுங்கள்.