மகளைச் சோழிங்கநல்லூருக்கு அனுப்பத் தயங்கும் தக்கலைத் தாய்க்கு

அன்புள்ள சகோதரி,

சென்னை சோழிங்கநல்லூரில் ஐ.டி. வேலை கிடைத்திருக்கும் மகளை அனுப்பலாமா என்று நீங்கள் கடிதத்தின் கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மகளை அனுப்புங்கள். ஆனால் ஆவடியில் இருக்கும் உங்கள் அண்ணன் வீட்டில் தங்கவைக்க வேண்டாம். அலுவலகத்துக்குப் பக்கத்தில், சோழிங்கநல்லூரிலோ காரப்பாக்கத்திலோ, ஒரு நல்ல மகளிர் விடுதியில் சேர்த்துவிடுங்கள்.

அண்ணன் மனம் நோகும் என்று எழுதியிருக்கிறீர்கள். சொந்தத்தில் ஒரு வீடு இருக்கும்போது பெண்ணை விடுதியில் விட்டால் ஊரில் என்ன பேசுவார்கள் என்ற கவலையும் உங்கள் வரிகளில் தெரிகிறது. இரண்டும் நியாயமான கவலைகள்தான். ஆனால் அந்தப் பயணத்தை ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். ஆவடியிலிருந்து சென்ட்ரல் வரை மின்சார ரயில், அங்கிருந்து பறக்கும் ரயிலில் தரமணி அல்லது பெருங்குடி, அதன்பின் பழைய மகாபலிபுரம் சாலையில் பஸ். அந்தச் சாலையில் மெட்ரோ ரயிலுக்கான வேலை நடந்துகொண்டிருக்கிறது. காலை நேர நெரிசலில் பஸ் ஊர்ந்துதான் போகும். எல்லாம் ஒழுங்காகக் கிடைத்தாலும் ஒரு வழிக்கு இரண்டு மணி நேரம் போய்விடும். எட்டரை, ஒன்பது மணி நேரம் வேலை பார்க்கும் பெண் நான்கு மணி நேரத்தைச் சாலையில் தொலைத்தால், அவளுக்குத் தூக்கமும் இருக்காது, படிப்பும் இருக்காது.

படிப்பு என்று சொல்வது வெறும் பேச்சுக்கு அல்ல. ஐ.டி. நிறுவனங்களில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் சில மாதங்கள் பயிற்சிதான். வாராவாரம் தேர்வு இருக்கும். அந்த மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் எந்த வேலையில் போடலாம் என்று முடிவு செய்கிறார்கள். தேர்வில் தொடர்ந்து தவறுகிறவர்களை வெளியே அனுப்பும் நிறுவனங்களும் உண்டு. நம் மாவட்டத்திலிருந்து போன பிள்ளைகளில் முதல் வருடமே சோர்ந்து திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பெரும்பாலோர் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். வாடகையில் இரண்டாயிரம் மிச்சமாகிறது என்று தூரத்தில் தங்கி, உடம்பும் மனமும் தளர்ந்து போனவர்கள்.

அண்ணனிடம் இதை நீங்களே பேசுங்கள், மகளைப் பேசவைக்க வேண்டாம். முதல் சில நாள் அவர் வீட்டில் தங்கட்டும். விடுதி பார்க்க அவரையே கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். விடுதிப் படிவத்தில் உள்ளூர்ப் பாதுகாவலர் என்ற இடத்தில் அவர் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கட்டும். பொறுப்பைக் கொடுத்தால் அவருக்கும் மனத்தாங்கல் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்புக்கு மருமகளுக்கு ஒரு வீடும் இருக்கும்.

விடுதி விஷயத்தில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், உங்கள் பயத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. தமிழ்நாட்டில் மகளிர் விடுதி நடத்த 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவும் உரிமமும் வேண்டும். போனவுடன் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் அடுத்த விடுதிக்குப் போங்கள். தமிழக அரசின் பணிபுரியும் மகளிருக்கான தோழி விடுதிகள் தாம்பரத்திலும் அடையாற்றிலும் இருக்கின்றன; இணையத்தில் விண்ணப்பிக்கலாம். இடம் கிடைத்தால் நல்லது, ஆனால் அங்கிருந்து சோழிங்கநல்லூருக்கு எவ்வளவு நேரமாகிறது என்று காலை எட்டரை மணிக்கே ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தனியார் விடுதி என்றால் இரண்டு பேரோ மூன்று பேரோ பகிரும் அறைக்கு உணவுடன் மாதம் 7,000 முதல் 10,000 ரூபாய் வரை கேட்பார்கள். படத்தைப் பார்த்து முன்பணம் அனுப்பாதீர்கள். நேரில் போய், அங்கே தங்கியிருக்கும் பெண் ஒருத்தியிடம் தனியாக இரண்டு கேள்வி கேளுங்கள்: தண்ணீர் எப்படி, இரவு பத்து மணிக்கு மேல் வந்தால் கதவு திறக்கிறார்களா? அந்தப் பகுதியில் பல கட்டடங்கள் லாரித் தண்ணீரை நம்பித்தான் ஓடுகின்றன. கோடையில் லாரி வராத நாளில் என்ன செய்கிறார்கள் என்பது உரிமையாளரைவிட அந்தப் பெண்ணுக்குத்தான் தெரியும். மழையையும் கேளுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், செம்மஞ்சேரிப் பக்கம் தண்ணீர் புகுந்தது. தரைத்தள அறை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். முன்பணம் எவ்வளவு, காலி செய்யும்போது எவ்வளவு பிடிப்பார்கள், எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் ஆகிய மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சாப்பாடு பிடிக்காமல் போகும், அதற்குத் தயாராக இருங்கள். சம்பா அரிசியும் தேங்காய் அரைத்த குழம்பும் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைக்கு விடுதிச் சோறு முதல் மாதம் இறங்காது.

தோழிகளோடு சேர்ந்து வீடு எடுப்பதை முதல் ஆறு மாதம் தள்ளிப்போடச் சொல்லுங்கள். பயிற்சி முடிந்ததும் அவளைச் சிறுசேரியில் போடலாம், அம்பத்தூரில் போடலாம், பெங்களூருக்கோ ஹைதராபாத்துக்கோ அனுப்பலாம். பதினோரு மாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு மூன்று மாத வாடகையை முன்பணமாகக் கட்டியபின் அந்த மின்னஞ்சல் வந்தால் கஷ்டம்.

இனிச் சம்பளம். ஆண்டுக்கு 3,60,000 என்றால் மாதம் 30,000 என்று நீங்கள் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். கைக்கு அவ்வளவு வராது. அது நிறுவனம் அவளுக்காகச் செய்யும் மொத்தச் செலவு. அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வைத்துக்கொண்டால், நிறுவனம் கட்டும் வருங்கால வைப்பு நிதி 1,800, அவள் பங்கு 1,800, பணிக்கொடைக்காக ஒதுக்குவது ஏறத்தாழ 720. இவை போக மருத்துவக் காப்பீடு, தொழில் வரி, ஆண்டு முடிவில் மட்டும் தரும் ஊக்கத்தொகை ஆகியவற்றையும் கழித்தால் கையில் 24,000 ரூபாய் அளவில்தான் நிற்கும். வருமான வரி இந்தச் சம்பளத்துக்குக் கிடையாது. மாதத்தின் பிற்பகுதியில் சேர்ந்தால் முதல் சம்பளம் அடுத்த மாதக் கடைசியில்தான் வரலாம். எனவே விடுதி முன்பணம், இரண்டு மாதத் தங்கல், வழிச்செலவு எல்லாம் சேர்த்து 45,000 ரூபாயாவது அவள் பெயரில் உள்ள கணக்கில் போட்டு அனுப்புங்கள். நகையை அடகு வைக்க வேண்டாம். மஸ்கட்டில் இருக்கும் உங்கள் கணவரிடம் இந்த இரண்டு மாதத்துக்கு மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த 24,000 ரூபாயிலிருந்து தம்பியின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டலாம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் நான் மறுக்கிறேன். விடுதி, பஸ், தொலைபேசி, ஒன்றிரண்டு உடுப்பு, மருந்து என்று 14,000 போய்விடும். மிச்சம் 10,000. முதல் ஆறு மாதம் அதில் ஒரு ரூபாயைக்கூடக் கேட்காதீர்கள். 60,000 ரூபாய் அவள் கணக்கில் சேர்ந்துவிட்டால், வேலை தடுமாறினாலும் நான்கு மாதம் யாரிடமும் கையேந்தாமல் அந்த ஊரில் நின்று வேறு வேலை தேட முடியும். அந்தத் துணிச்சல் இல்லாத பிள்ளைகள்தான் சரியில்லாத இடத்திலும் வாயை மூடிக்கொண்டு கிடக்கிறார்கள்.

அதற்குப் பிறகு வரவேண்டியது தம்பியின் கட்டணமோ சீட்டுப் பணமோ அல்ல, அவளுடைய கல்விக்கடன். நான்கு லட்சம் வாங்கியிருக்கிறீர்கள். வழக்கமாகப் படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டியதில்லை; ஆனால் வட்டி மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். 10 சதவீதம் என்று வைத்தால் மாதம் 3,300 ரூபாய்க்கு மேல் வட்டி. ஏழாவது மாதத்திலிருந்து அந்த வட்டியையாவது கட்டிவந்தால், தவணை தொடங்கும்போது பாரம் கூடியிருக்காது. ஏழு ஆண்டுத் தவணை என்றால் மாதம் சுமார் 6,600 வரும். வங்கிக் கிளையில் உங்கள் கடனின் சரியான வட்டியையும் தொடங்கும் தேதியையும் எழுதி வாங்குங்கள்.

கிளம்புமுன் இங்கேயே முடிக்க வேண்டிய ஒரு வேலை உண்டு, அதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். மதிப்பெண் பட்டியல், ஆதார், பான் அட்டை, வங்கிக் கணக்கு ஆகிய நான்கிலும் அவள் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். நம் பக்கம் ஒன்றில் தலைப்பெழுத்து மட்டும் இருக்கும், இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், ஞானஸ்நானப் பெயர் ஒன்றில் சேர்ந்தும் ஒன்றில் விடுபட்டும் இருக்கும். நிறுவனம் சான்றுகளைச் சரிபார்க்கும்போதும் வருங்கால வைப்பு நிதிக் கணக்கு தொடங்கும்போதும் இது பெரிய தலைவலியாகும். அசல் சான்றிதழ்களை எந்த நிறுவனத்திலும் ஒப்படைக்க வேண்டாம். காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். இத்தனை ஆண்டு வேலை பார்ப்பேன் என்ற ஒப்பந்தம் இருந்தால், இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற வரியைப் படித்தபின் கையெழுத்திடட்டும். பணி ஆணை தர யாராவது பணம் கேட்டால் அது மோசடி, அதில் இரண்டாவது யோசனைக்கு இடமில்லை.

திருவனந்தபுரத்தில் 12,000 ரூபாய்க்கு ஒரு சிறிய நிறுவனம் கூப்பிடுகிறது, வீட்டிலிருந்தே போய் வரலாம் என்கிறீர்கள். கழக்கூட்டத்தில் 1990இல் தொடங்கிய டெக்னோபார்க் ஐ.டி. வளாகம் நம் பிள்ளைகளுக்குப் பெரிய கதவு. மலையாளம் காதில் விழுந்து வளர்ந்தவர்களுக்கு அங்கே பாதி அந்நியம் குறைவு. அங்கே பயிற்சி தரும் நல்ல நிறுவனம் ஒன்று இதே சம்பளத்துக்கு அழைத்திருந்தால், கழக்கூட்டத்தில் தங்கிக்கொண்டு போகட்டும் என்றே சொல்லியிருப்பேன். ஆனால் இந்த அழைப்பில் பயிற்சி பற்றி ஒரு வரிகூட இல்லை. இரணியலிலிருந்து தினமும் ரயிலில் போய் வந்தால் ஆவடிக் கதைதான் இங்கேயும். மாலை வேலை முடியும் நேரத்தை ரயில் அட்டவணை பார்த்து யாரும் முடிவு செய்வதில்லை.

பயிற்சி முடிந்து உடனே வேலை ஒதுக்காமல் சில வாரம் சும்மா உட்காரவைக்கலாம். அதைக் கேட்டு நீங்கள் பதற வேண்டாம். அந்த நாட்களில் அவள் தானாகப் படித்துக்கொண்டிருந்தால் போதும். கூட்டங்களில் ஆங்கிலத்தில் பேசத் தயங்குவாள். நம் பிள்ளைகள் பலர் பதில் தெரிந்தும் வாய் திறப்பதில்லை. ‘கேரளாவா?’ என்று பேச்சைக் கேட்டு யாராவது கேட்பார்கள். கன்னியாகுமரி மாவட்டம், தக்கலை என்று தலை நிமிர்ந்து சொல்லட்டும்.

உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும், கோபப்படாதீர்கள். பகலில் அவளை அழைக்காதீர்கள். இரவு ஒன்பதரை என்று ஒரு நேரம் வைத்துக்கொண்டால் மஸ்கட்டில் அப்போது எட்டு மணி, அப்பாவும் சேர்ந்துகொள்ளலாம். முதல் மூன்று மாதத்தில் என்றாவது ஒருநாள் அழுவாள். அந்த நேரத்தில் ‘வந்துவிடு மக்களே’ என்ற சொல் உங்கள் வாயில் வந்துவிடும், அதை அடக்கிக்கொள்ளுங்கள். சாப்பாடு பிடிக்கவில்லை, மேலதிகாரி திட்டினார், அறைத்தோழி பேசுவதில்லை என்பவை பொறுத்துக் கடக்கக்கூடியவை. உடல்நலம் கெடுகிறது, சம்பளம் இரண்டு மாதமாக வரவில்லை, யாரோ தகாத முறையில் நடக்கிறார் என்றால் அது வேறு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் அலுவலகத்தில் பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம். சேர்ந்த வாரமே அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மகளிர் உதவி எண் 181 அவள் தொலைபேசியில் இருக்கட்டும். அப்படி ஒன்று நடந்ததாகச் சொன்னால் ‘நீ என்ன செய்தாய்’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

போக வர அனந்தபுரி எக்ஸ்பிரஸ் உங்களுக்கு வசதி. இரணியலில் ஏறித் தாம்பரத்தில் இறங்கினால் மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூருக்கு பஸ் உண்டு. பஸ்ஸில் போனால் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடுவார்கள், இரவில் அங்கே வந்து சேரும்படி டிக்கெட் எடுக்க வேண்டாம். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வர வேண்டும் என்றால் பயிற்சிக் காலத்தில் விடுமுறை உண்டா என்று அக்டோபர் நடுவிலேயே கேட்டுவிடட்டும். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. டிசம்பர் 23 பயணத்துக்கு அக்டோபர் 24 காலை எட்டு மணி. ரயில் டிக்கெட் எடுக்கும் ஐ.ஆர்.சி.டி.சி. இணையக் கணக்கில் ஆதார் இணைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் முன்பதிவு திறந்தவுடன் டிக்கெட் எடுக்க முடியாது. அதை இந்த வாரமே இங்கிருக்கும்போது செய்துவிடச் சொல்லுங்கள்.