பெயின்ட் ஸ்பிரேயர் என்றால் என்ன? அதில் அடித்தால் ஏன் பிரஷ் கோடு விழுவதில்லை?

பெயின்ட்டை நுண்துளிகளாக உடைத்துச் சுவரில் தெளிக்கும் கருவிதான் பெயின்ட் ஸ்பிரேயர். உள்ளே இருக்கும் பம்பு, பெயின்ட்டை மிக அதிக அழுத்தத்தில் ஒரு சின்னத் துளை வழியாகத் தள்ளுகிறது. தோட்டக் குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் விசிறியாகப் பீய்ச்சுமே, அதே சங்கதிதான். சுவரைப் பிரஷ் தொடுவதே இல்லை, அதனால் கோடும் இல்லை.

சுவரிலிருந்து சுமார் 30 செ.மீ. தள்ளிப் பிடித்து, நேர்கோட்டில் நகர்த்துங்கள். கையை வளைத்து வீசினால் நடுவில் கெட்டியாகி வழியும், ஓரம் வெளிறிப்போகும். அப்புறம், முனைக்கு முன்னால் விரலை வைக்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் பெயின்ட் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அது உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய காயம்.

ஸ்பிரேயர் வந்தால் மொத்த வேலையும் சட்டென்று முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். அடிப்பது வேகம்தான், ஆனால் ஜன்னல், தரை, சுவிட்ச் எல்லாவற்றையும் மூடி ஒட்டுவதற்கே நிறைய நேரம் பிடிக்கும்.